எடுக்கவோ, விடவோ?

போன கிழமை, என்னிடம் நோயியல் படித்த உங்களில் ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். பெயரைச் சொல்லமாட்டேன். சத்திரசிகிச்சைத் தியேட்டரிலிருந்து வந்த அவசரத் தசைத் துண்டு ஒன்றைத் தனியாகப் பார்த்து முடிவு சொன்ன முதல் நாள் அன்று, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவே முடியவில்லையாம். "உங்களுக்கும் அப்பிடி இருந்ததோ டொக்டர்?" என்று கேட்டார். ஓம் என்றேன். மிச்சத்தை எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். நோயியல் ஆய்வுகூடத்தை விட்டு ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. நீர்வேலியில் வீட்டைச் சுற்றி நிற்கிற வாழைகளுக்குத் தண்ணீர் கட்டி முடித்தால் எனக்கு வேறு அவசரம் ஒன்றும் கிடையாது. ஆகவே கேட்டவருக்கு மட்டுமல்லாமல் உங்கள் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

இது சந்தோஷமாக முடிகிற கதை. அதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது, ஏனென்றால் தொடக்கத்தில் நான் அவ்வளவு நல்லவளாகத் தெரியமாட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அது. அச்சுவேலியில் ஒரு கலியாண வரவேற்புக்குப் போக வேண்டியிருந்தது. அறைக் கதவின் பின்னால் சேலையைத் தொங்கவிட்டிருந்தேன். மேசையில் அன்று பார்க்க வேண்டிய சிலைட்டுகளின் கடைசித் தட்டு. அதில் கடைசிக்கு முந்திய சிலைட் ஒரு தனியார் கிளினிக்கிலிருந்து வந்தது. ஆணின் விதையில் ஊசி குத்தி எடுத்த திரவம். விதையில் புற்றுநோய் என்று நினைக்கிறபோது ஊசி குத்துவது நல்ல பழக்கமல்ல. ஆனால் குத்தி, பூசி, அனுப்பிவிட்டார்கள். கூட வந்த படிவத்தில் இரண்டு வரிதான் இருந்தது: "வயது 41. வலது விதை கல்லுப்போல் கடினம், ஸ்கானில் கட்டி. புற்றுநோயா?"

நான் பார்த்தேன். கிருமியை எதிர்க்கிற சிறிய நிணக்கலங்கள் நிறைய, அவற்றுக்கு நடுவே பெரிய கலங்கள் சில. படிவத்தில் எழுதியிருந்ததும் கண்ணில் பட்டதும் ஒத்துப்போயின. "புற்றுநோய் எனப் பலமாகச் சந்தேகிக்கத்தக்கது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். எல்லாமாக நாலு நிமிடம் இருக்கும். கலியாண வீட்டில் சாப்பாடு நன்றாக இருந்தது என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் வதனி என் அறைக்கு வந்தாள். வதனியை உங்களில் மூத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். சிலைட் தயாரிக்கும் பகுதியின் மூத்த தொழினுட்பவியலாளர். நுணுக்குக்காட்டிக்கென்று தசைத் துண்டை அவள் சீவிய சீவல் போல் வேறு எவரும் சீவி நான் பார்த்ததில்லை.

"டொக்டர், ஒரு பொம்பிளை வந்து நிக்கிறா. வெளி ஆக்கள் உள்ளுக்கு வரக்கூடாது எண்டு சொல்லிப் பாத்திட்டன். போகமாட்டாவாம். றிப்போட்டில கையெழுத்து வச்ச ஆளைப் பாத்திட்டுத்தான் போவாவாம்."

நோயாளியும் நாங்களும் சந்திப்பதில்லை என்பது எங்கள் தொழிலின் வசதிகளில் ஒன்று. நான் வேலை செய்த அத்தனை வருடத்தில் யாரும் அப்படி வந்து நின்றதில்லை. வரச் சொன்னேன்.

முப்பத்தைந்து வயது மதிக்கலாம். பருத்திச் சேலை, தோளில் பை. பைக்குள்ளிருந்து நான் எழுதிய கடதாசியை எடுத்து மேசையில் விரித்தாள். சிவப்புப் பேனையால் ஒரு சொல்லின் கீழே கோடு போட்டிருந்தாள்.

"இது உங்கடை கையெழுத்தோ டொக்டர்?"

"ஓம்."

"இதில பலமான சந்தேகம் எண்டு கிடக்கு. பலமான எண்டா எவ்வளவு?"

"விளங்கேல்லை அம்மா."

"நான் பருத்தித்துறையில பிள்ளையளுக்குக் கணக்கு ரியூசன் எடுக்கிறன். எனக்கு இலக்கத்தில சொன்னாத்தான் விளங்கும். நூறில தொண்ணூறோ, அறுபதோ? கிளினிக்கில கேட்டன், வாட்டில கேட்டன். ஒருத்தரும் சொல்லுறீனம் இல்லை. வாற வெள்ளிக்கிழமை இவருக்கு அதை எடுக்கப்போயினமாம். இவருக்கு இருக்கிறதே ஒண்டுதான்."

கடைசி வசனத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். "ஒண்டுதான் எண்டா?"

அவள் பெயர் கௌரி. கணவர் நேசன், சொந்தமாக வள்ளம் வைத்துக் கடலுக்குப் போகிறவர். பதினேழு வயதில், குடும்பத்தோடு இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, அவருடைய இடது விதை முறுக்கிக்கொண்டது. ஆறு மணித்தியாலத்துக்குள் திருத்தியிருக்க வேண்டியது. அவர் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மூன்று நாள் எடுத்தது. எடுத்து எறிந்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் காலம் கடந்த கலியாணம். முடித்து ஒன்றரை வருடம். பிள்ளை இல்லை. இதில் ஒன்றுகூடப் படிவத்தில் இருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமையே போன் எடுத்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன். "இதுக்கு முதல் அந்த இடத்தில அடி, காய்ச்சல், ஏதாவது?"

கௌரி வதனியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"இவர் வெக்கத்தில டொக்டர்மாருக்குச் சொல்லேல்லை. நான் இஞ்ச வந்ததும் இவருக்குத் தெரியாது. ரெண்டு மாசத்துக்கு முதல் கடல் அடிச்ச நேரம் வள்ளத்தின்ரை விளிம்பில விழுந்தவர். ஒரு கால் உள்ளுக்க, ஒரு கால் வெளியில. ரெண்டு நாள் நடக்கேலாமக் கிடந்தவர். பிறகு மூத்திரம் எரியுது எண்டவர். குளிரோட குலைப்பன் காய்ச்சல். பாமசியில குளிசை வாங்கிப் போட்டிட்டு மற்றக் கிழமை கடலுக்குப் போட்டார். அதுக்குப் பிறகுதான் வீங்கினது."

நான் எழும்பி அந்தப் பழைய சிலைட்டை எடுத்துவரச் சொன்னேன். அவளை வெளியே இருத்திவிட்டு நுணுக்குக்காட்டியில் வைத்தேன். இந்தத் தடவை நடுவில் தொடங்கவில்லை. விளிம்பிலிருந்து வரிவரியாக நகர்த்தினேன். ஒரு மூலையில், பூச்சு மெல்லியதாய் முடிகிற இடத்தில், ஒரு இராட்சதக் கலம் இருந்தது. பல கருக்கள் ஒன்றாய்த் திரண்டு கிடக்கிற பெரிய கலம். அதன் பக்கத்தில் இன்னொன்று. உடம்பு எதையோ எதிர்த்து நீண்ட நாள் சண்டை பிடிக்கிறபோது உருவாகிறவை அவை. வெள்ளிக்கிழமையும் அவை அதே இடத்தில்தான் இருந்திருக்கும். நான்தான் அந்த மூலைக்குப் போகவில்லை.

விதையில் வருகிற ஒருவகை அழற்சி உண்டு. மிக அரிது. நடுத்தர வயது ஆண்களுக்கு, அடிபட்டதன் பின்னோ மூத்திரத்தில் கிருமி வந்ததன் பின்னோ, சில வேளை எந்தக் காரணமும் இல்லாமலோ வரும். தடவிப் பார்த்தால் புற்றுநோய். ஸ்கானில் பார்த்தால் புற்றுநோய். விதையை எடுத்து வெட்டிப் பார்த்த பிறகுதான் புற்றுநோய் இல்லை என்று தெரியவரும். நான் அதுவரை இரண்டே இரண்டு பேரில் அதைக் கண்டிருந்தேன். இரண்டும் ஏற்கனவே எடுத்து, போத்தலில் போட்டு எனக்கு அனுப்பப்பட்ட விதைகள். அந்த இருவருக்கும் மற்ற விதை மிச்சம் இருந்தது.

உடனே சந்தோஷப்பட்டிருப்பேன் என்று நினைக்காதீர்கள். இதே இராட்சதக் கலங்களைக் காசநோயும் கொண்டுவரும். அதைவிடப் பொல்லாத விஷயம், விதையில் வருகிற ஒரு புற்றுநோய் தன்னைச் சுற்றி இதே கலங்களை வேலிபோல் நிறுத்தி வைத்துக்கொண்டு உள்ளே ஒளிந்திருக்கும். வேலியைக் கண்டு ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஒரு பக்கம் அவசரப்பட்டேன், இப்போது மற்றப் பக்கம் அவசரப்படக்கூடாது.

வெளியே போய்க் கௌரியிடம் சொன்னேன். "எனக்கு இலக்கம் சொல்லத் தெரியேல்லை. ஆனா நான் எழுதின அந்தப் 'பலமான' எண்ட சொல்லை நான் இப்ப எழுதமாட்டன்."

அவள் அழவில்லை. கடதாசியை எடுத்து, கோடு போட்டிருந்த சொல்லைச் சிவப்புப் பேனையால் அங்கேயே வெட்டிவிட்டாள்.

எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் என்னோடு ஒரே ஆண்டில் படித்தவர். நல்ல கை. 'இருக்கலாம்' என்ற சொல்லைக் கேட்டாலே கோபம் வரும். போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"உம்மடை றிப்போட்டை வச்சுத்தானே நான் நாள் குறிச்சனான்?"

"ஓம். என்ரை பிழை. மூலையில இருந்ததை நான் பாக்கேல்லை."

கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, இப்ப சொல்லும். புற்றுநோயோ, இல்லையோ?"

"தெரியாது."

"ஐயோ கடவுளே. ஸ்கான் கட்டி எண்டுது. இரத்தச் சோதினையள் எல்லாம் சுத்தம். நீர் முதல் ஓம் எண்டீர், இப்ப தெரியாது எண்டுறீர். நான் என்ன, பூவா தலையா போட்டுப் பாக்கிறதோ?"

"திறவும். வழமைபோல அடிவயித்தால போய், இரத்தக் குழாயளைக் கட்டிப்போட்டு, எடுக்காமல் ஒரு துண்டு மட்டும் எனக்கு அனுப்பும். உடன பாத்துச் சொல்லுறன்."

துண்டை உறையவைத்து, மெல்லிசாய்ச் சீவி, சாயம் போட்டு, நோயாளி மேசையில் மயங்கிக் கிடக்கும்போதே முடிவு சொல்கிற வேலையைச் சொல்கிறேன். உங்களுக்கு அது புதிதில்லை. விதையில் அதை அதுவரை நாங்கள் செய்ததில்லை.

"நீர் பிழை சொன்னீர் எண்டா?" என்று கேட்டார்.

"அதையும் நேசனிட்டைக் கேப்பம். அவருடையதுதானே."

இருவருமாக ஆண்கள் சத்திரசிகிச்சை வாட்டுக்குப் போனோம். நேசன் கட்டிலில் சம்மணம் போட்டிருந்து பக்கத்துக் கட்டில்காரருக்குப் புயலில் அகப்பட்ட கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாட் முழுக்கத் தனக்கு ஹேர்னியா என்று பரப்பி வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் கதையை நிறுத்தினார். திரையை இழுத்து மூடிவிட்டு, சத்தத்தைக் குறைத்து, உள்ளதை உள்ளபடி சொன்னோம். துண்டில் புற்றுநோயை நான் தவறவிடக் கூடும் என்றும், அப்படியானால் பிறகு இன்னொரு தடவை திறக்க வேண்டி வரும் என்றும் சொன்னேன். கௌரி கட்டில் தலைமாட்டில் நின்றாள். அவர் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"நீ போய் விழுந்த கதையைச் சொல்லிட்டியோ?"

"சொல்லிட்டன்."

"எல்லாத்தையும்?"

"மூத்திரக் கதையையும்தான்."

நேசன் தலையில் கை வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். நல்ல பெரிய சிரிப்பு. திரைக்கு அப்பால் ஒருவர் "ஹேர்னியாவுக்கு உவ்வளவு சிரிப்போ அண்ணை?" என்று கேட்டார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் என்னைப் பார்த்துச் சொன்னதை நான் மறக்கவில்லை. "டொக்டர், கள்ளன் எண்டா யோசியாதேங்கோ, வெட்டி எடுங்கோ. இவளோட இன்னும் கனநாள் இருக்க வேணும் எனக்கு. ஆனா கள்ளன் இல்லை எண்டா என்ரை சாமானை எனக்கு விட்டிடுங்கோ. கள்ளனோ இல்லையோ எண்டு தெரியாட்டி, நீங்கள் ரெண்டு பேரும் சொல்லுறதுக்கு நான் ஒத்துக்கொள்ளுறன். பிறகு ஏன் செய்தனீங்கள் எண்டு கேக்கமாட்டன்."

நோயாளிக்கு உண்மையைச் சொன்னால் பயந்துவிடுவார் என்று உங்களுக்கு யாராவது சொன்னால், நேசனை நினைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு முடிவெடுக்கிற தைரியத்தைத் தந்தவர் அவர்தான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிபோல் முதல் துண்டு வந்தது. கடலை அளவு. வதனி சீவித் தந்தாள். பார்த்தேன். அழற்சி, இராட்சதக் கலங்கள். நான் எதிர்பார்த்தது அப்படியே இருந்தது. எதிர்பார்த்தது அப்படியே இருந்ததாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை. வேறு இடத்திலிருந்து இன்னொன்று கேட்டேன்.

பிரச்சினை வந்தது இரண்டாவது துண்டில்தான். நிணக்கலங்களுக்கு நடுவே பெரிய, வெளிறிய கலங்கள் கூட்டமாய் நின்றன. வேலிக்குப் பின்னால் ஒளிந்திருப்பது இதுவாகத்தான் இருக்கும் என்று பட்டது. குவியத்தைக் கூட்டினேன், குறைத்தேன். உறையவைத்த துண்டில் கலங்கள் ஊதியும் நெளிந்தும் தெரியும். எந்தக் கலமும் தன் சொந்த முகத்தோடு இருக்காது. தியேட்டர் போன் அடித்தது.

"என்ன?" என்றார் சத்திரசிகிச்சை நிபுணர்.

"பாத்துக்கொண்டிருக்கிறன்."

"விதையைச் சுத்தி வச்ச ஐஸ் கரையுது. எடுக்கவோ, விடவோ?"

அந்த நேரத்தில் எனக்குள் என்ன நடந்தது என்பதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். 'எடும்' என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். எடுக்கச் சொன்னால் எனக்கு எந்த வில்லங்கமும் வராது. பிறகு அழற்சி என்று வந்தாலும் யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். அரிய நோய், ஆளை ஏமாற்றுகிற நோய், புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. 'விடும்' என்று சொல்லி அது பிழையாய்ப் போனால் மட்டும்தான் என் தலை உருளும். அந்தச் சொல் நேசனுக்காக வரவில்லை, எனக்காக வருகிறது என்பது நாக்கு நுனியில் இருக்கும்போதே எனக்குத் தெரிந்தது.

"அஞ்சு நிமிசம் தாரும்" என்றேன்.

வதனி என் பக்கத்தில் நின்று, கூட ஒருவர் பார்ப்பதற்கான இரண்டாவது கண்வில்லையால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நோயைக் கண்டுபிடிக்கிற வேலை இல்லை. ஆனால் தன் சீவலைத் தெரியும்.

"டொக்டர், அந்த இடம் மடிஞ்சு கிடக்கு. சீவல் ரெண்டு தட்டாய் விழுந்திட்டுது. நான் திருப்பிச் சீவித் தரட்டோ?"

மடிப்பு! ஒன்றின் மேல் ஒன்று விழுந்த கலங்களைப் பெரிய கலங்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் இன்னொன்று சீவினாள். புதிய சீவலில் அதே கூட்டம் தெளிவாய் நின்றது. நுரை நிரம்பிய உடலோடு, சாதுவான சிறிய கருக்களோடு, குப்பை பொறுக்குகிற சாதாரணக் கலங்கள். இருந்தும் மூன்றாவது துண்டு ஒன்று கேட்டேன், கட்டியின் ஆழத்திலிருந்து. அதிலும் அதேதான்.

போனை நானே எடுத்தேன்.

"மூண்டு துண்டிலையும் புற்றுநோய் இல்லை. காசநோயோ எண்டு இப்ப சொல்லேலாது. பாக்காத இடத்துக்கு நான் பொறுப்புச் சொல்லமாட்டன். ஆனா விடும். நான் பிழை எண்டா ரெண்டு கிழமையில திரும்பத் திறக்கலாம். எடுத்துப்போட்டால் திரும்ப வைக்கேலாது."

அந்தப் பக்கத்தில் "குழாயின்ரை கட்டை அவிழுங்கோ" என்று அவர் யாருக்கோ சொல்வது கேட்டது. போனை வைக்க மறந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் ஏதோ பழைய பாட்டை முணுமுணுப்பதும், இரத்தம் திரும்ப ஓடி நிறம் வருகிறது என்று ஒரு தாதி மிஸ்ஸி சொல்வதும் என் காதில் விழுந்தன. வதனி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள்.

அன்று மத்தியானம் நானும் சாப்பிடவில்லை. போன் எடுத்தவருக்கு இதுதான் பதில்.

துண்டுகளின் மிச்சத்தை முறைப்படி பதப்படுத்திப் பார்க்கவும், காசநோய்க் கிருமி தேடவும், புற்றுக் கலங்களைக் காட்டிக்கொடுக்கிற விசேட சாயங்களுக்குக் கொழும்புக்கு அனுப்பவும் பதினொரு நாள் எடுத்தது. அந்தப் பதினொரு நாளும் நான் நேசன் வீட்டாரைவிட மோசமாக இருந்தேன். வீட்டில் உப்பில்லாமல் கறி வைத்தேன். நேசனோ நாலாம் நாள் வீட்டுக்குப் போய், தனக்கு ஒன்றுமில்லை என்று ஊருக்கே அறிவித்துவிட்டார். ஆறாம் நாள் ஒருவர் மோட்டார்சைக்கிளில் வந்து நேசன் தந்துவிட்டதாக ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டியை ஆய்வுகூட வாசலில் இறக்கினார். உள்ளே ஐஸும் விளைமீனும். "முடிவு இன்னும் வரேல்லை, திருப்பி அனுப்புங்கோ" என்று சொல்ல நான் வெளியே வரமுன்னரே வதனி பங்கு பிரித்து முடித்திருந்தாள். என் பங்கை நான் தொடவில்லை.

பன்னிரண்டாம் நாள் கொழும்பிலிருந்து முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. காசநோயும் இல்லை. அடியும் கிருமியும் சேர்ந்து கிளப்பிவிட்ட அந்த அரிய அழற்சிதான். கடதாசியை எடுத்துக்கொண்டு நானே எங்கள் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனேன். இருவரும் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயைத் திறக்க முன்னரே நேசன் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பி நின்றார். பிறகு திரும்ப இருந்தார். பிறகு கைக்குட்டையால் முகம் முழுவதையும் மூடிக்கொண்டார். கௌரி அவர் முதுகைத் தட்டிக்கொண்டு, "இஞ்சாருங்கோ, சனம் பாக்குது. ஹேர்னியாவுக்கு இவ்வளவு அழக்கூடாது" என்றாள்.

எனக்கு இன்னொன்று சொல்ல வேண்டியிருந்தது. அதைத் தள்ளிப்போட்டால் பிறகு சொல்லவேமாட்டேன் என்று தெரியும்.

"கௌரி, முதல் றிப்போட்டில நான் அவசரப்பட்டிட்டன். கலியாண வீடொண்டுக்குப் போற அவசரம். நீங்கள் வந்து நிக்காட்டி எடுத்திருப்பினம். அது அழற்சி எண்டு பிறகு நானே எழுதியும் இருப்பன். மன்னிக்க வேணும்."

கௌரி என்னைப் பார்த்தாள். கணக்கு வாத்தியாரின் பார்வை அது, பாதியில் பிழைவிட்டுப் பிறகு திருத்தி எழுதிய விடையைப் பார்க்கிற மாதிரி. "மார்க் குறைப்பன் டொக்டர்" என்றாள். "ஆனா பெயில் விடேல்லை."

எழுத்தில் வந்த எந்தப் பாராட்டும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

நேசனுக்குக் கிருமிக்கு மருந்து கொடுத்தார்கள். பிறகு அழற்சியை அடக்குகிற குளிசை. மூன்று மாதத்தில் வீக்கம் பெரும்பாலும் வற்றியது. ஆனால் அந்த விதை முன்னைப்போல வேலை செய்யுமோ தெரியாது, பிள்ளை கிடைப்பது கஷ்டமாக இருக்கலாம் என்று மறைக்காமல் சொன்னோம். எடுக்காமல் விட்டதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கானும் இரத்தச் சோதனையும் செய்து கண்காணித்தோம். ஒவ்வொரு தடவையும் அவர் பெயரைக் கண்டால் ஆய்வுகூடத்தில் எல்லாருக்கும் ஒரு படபடப்பு. "நேசன்ரை வந்திட்டுது, சுத்தம்" என்று யாராவது வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு வருடம் இப்படியே போனது.

அதன் பிறகு ஒரு திங்கட்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். வதனி ஓடிவந்தாள்.

"டொக்டர், இரத்தப் பகுதியில இருந்து சொல்லிவிட்டிருக்கினம். நேசன்ரை எச்.சி.ஜி. கூடவாம். ஆயிரக்கணக்கில நிக்குதாம்."

எச்.சி.ஜி. என்கிற ஓமோன் ஆணின் இரத்தத்தில் ஏறினால் விதையில் புற்றுநோய் என்று அர்த்தம் கொள்வோம். அதைத்தான் ஒரு வருடமாய்ப் பார்த்து வந்தோம். மூன்று துண்டு, மடிந்த சீவல், 'விடும்' என்று சொன்ன என் குரல், எல்லாம் ஒன்றாய் வந்து நின்றன. கள்ளன் உள்ளேதான் இருந்திருக்கிறான், கதவைப் பூட்டி உள்ளே விட்டதே நான்தான் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போடாமலே இரத்தப் பகுதிக்கு ஓடினேன்.

"படிவத்தைக் காட்டுங்கோ" என்றேன்.

கண்ணாடி இல்லாததால் எழுத்துத் தெரியவில்லை. "நீ வாசி" என்று வதனியிடம் கொடுத்தேன். அவள் வாசித்தாள். "நேசன்... முன்னெழுத்து கௌ... வயது முப்பத்தேழு... பால்..."

நிறுத்திவிட்டாள்.

"பால்?"

"பெண்" என்றாள் வதனி. "அனுப்பினது பெண்ணோயியல் கிளினிக்."

அந்த ஓமோன் இன்னொரு காரணத்துக்காகவும் ஏறும் என்பதைப் புற்றுநோயையே பார்த்துப் பார்த்து நாங்கள் மறந்தே போயிருந்தோம். கௌரி படிவத்தில் கணவரின் பெயரைச் சேர்த்து கௌ. நேசன் என்று பெயரெழுதியிருக்கிறாள். இரத்தம் எடுத்த குழாயில் 'நேசன்' மட்டும் ஒட்டியிருக்கிறது. நான் பக்கத்திலிருந்த ஸ்டூலில் இருந்துவிட்டேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே விளங்கவில்லை. இரத்தப் பகுதிப் பெண்பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். எங்கள் சத்திரசிகிச்சை நிபுணருக்குப் போன் எடுக்கப் போன வதனியின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது. இது அவவின்ரை செய்தி. கிளினிக் டொக்டர்தான் அவவுக்குச் சொல்ல வேணும். நாங்கள் கடதாசியை அனுப்பிறதோட சரி."

கடதாசி கீழே போனது. எங்களுக்கு வேலை ஓடவில்லை. பதினைந்து பேர், ஒவ்வொருவரும் கதவையே பார்த்துக்கொண்டு ஏதோ செய்வதுபோல் நடித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மணித்தியாலத்தில் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. நேசன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் கௌரி, "மெதுவாப் போங்கோ, விழப்போறியள்" என்று கத்திக்கொண்டு வந்தாள். வெளி ஆட்கள் உள்ளே வரக்கூடாது என்ற பலகையை இருவரும் கடந்து வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

"டொக்டர்!" என்றார் நேசன். மூச்சு வாங்கியது. "டொக்டர், உங்களுக்குத்தான் முதல் சொல்லுறம். இன்னும் வீட்டுக்கும் சொல்லேல்லை. கௌரி... கௌரிக்கு..." அதற்கு மேல் வரவில்லை. இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு பெரிய வயிறு வரைந்து காட்டினார்.

"உண்மையாவோ!" என்றேன் நான், கண்ணை அகல விரித்து.

"ஐயோ, நம்பவே முடியேல்லையே!" என்று வதனி நெஞ்சில் கை வைத்தாள். வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், தேவைக்கு மேல் சத்தமாய்ச் சொல்லிவிட்டாள். பின்னால் நின்ற பிள்ளைகளும் "உண்மையோ அண்ணை, உண்மையோ" என்று ஒரே குரலில் கத்தினார்கள். நேசனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியோ கௌரி, இவையள் எல்லாரும் எப்பிடித் திகைச்சுப் போச்சினம் எண்டு!"

கௌரி மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு வந்தாள். வதனியின் முகத்துக்கு வந்ததும் நின்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"இஞ்சாருங்கோ," என்றாள், கணவரின் கையிலிருந்த செருப்பை வாங்கி அவர் காலடியில் போட்டுக்கொண்டே, "இரத்தத்தைப் பாத்ததே இவையள்தானே."